நான் எழுதாத வசனம்

என்ரை தொழிலிலை ஆரையும் "வாங்கோ" எண்டு கூப்பிடக்கூடாது. கடை வாசலிலை ஆரும் வந்து நிண்டால் நான் எழும்பி நிப்பன், கதிரையைக் காட்டுவன், அவ்வளவுதான். அவையும் போகேக்கை "போயிட்டு வாறம்" எண்டு சொல்லமாட்டினம். செத்தவீட்டாலை எழும்பிப் போறவை எப்பிடி ஒண்டும் சொல்லாமல் செருப்பைக் கொழுவிக்கொண்டு நடப்பினமோ, அப்பிடித்தான் எங்கட வாசலாலையும் இறங்கிப் போவினம். அதிலை எனக்கு மனவருத்தம் இல்லை. திரும்பி வாறதுக்கு ஆருக்கு விருப்பம்?

உப்புக்குளத்திலை எங்கட மலர்ச்சாலை. பெட்டி, வான், உடம்பு பழுதாகாமல் மருந்து ஏத்துறது, வீட்டு முத்தத்துக்குப் பந்தல், வந்த சனத்துக்குக் கதிரை, எல்லாம் நாங்கள்தான் குடுக்கிறது. பலகையிலை மலர்ச்சாலை எண்டு கிடந்தாலும் சனம் என்னைப் பெட்டிக்காரி எண்டுதான் சொல்லும். என்ரை மனுசன் துவங்கின தொழில். அவர் நெஞ்சு வலியிலை திடீரெண்டு போன அண்டைக்கு அவருக்குப் பெட்டி தெரிஞ்செடுத்ததும் நான்தான். பிறகு விட்டுப்போட்டு என்ன செய்யிறது, நானே நடத்தினன். கலியாண வீடுகளிலை என்னைக் கண்டால் சிலபேருக்கு முகம் கறுக்கும். நான் பின்வரிசையிலை இருந்து சாப்பிட்டுப்போட்டு வந்திடுவன். அதுக்கெல்லாம் கவலைப்பட்டால் சீவிக்கேலாது.

அவர் எனக்குச் சொல்லித் தந்தது ஒண்டே ஒண்டுதான். சாவு வீட்டிலை பெட்டிக்காரர் வாய் திறக்கக்கூடாது. கேட்டால் பதில், கேக்காட்டில் சுவரோடை நிக்கவேணும். நான் கொஞ்சம் கோவக்காரி, என்ரை தங்கச்சியைக் கேட்டால் கொஞ்சம் இல்லை எண்டுவாள். ஆனால் சாவு வீட்டுப் படலையைத் தாண்டினால் என்ரை வாய்க்குப் பூட்டு. இத்தனை வருசமாய் வாய் மூடிப் பழகின ஆளைப் பிடிச்சு வெப்சைற்றுக்கு எழுது எண்டால் எப்பிடி இருக்கும்?

தங்கச்சிதான் வெப்சைற் வேணும் எண்டு ஒற்றைக்காலிலை நிண்டவள். அவள் நானாட்டான் பிரதேச செயலகத்திலை கிளாக். பின்னேரம் பஸ்ஸாலை இறங்கி வந்து தேத்தண்ணி குடிக்க முன்னமே எனக்குப் புத்தி சொல்லத் துவங்கிவிடுவாள்.

"அக்கா, தாய் தேப்பன் இஞ்சை, பிள்ளையள் எல்லாம் வெளியிலை. சாவு விழுந்த உடனை அதுகள் போனைத்தான் தட்டிப் பாக்குதுகள். தட்டினால் உங்கட கடை வருதோ? ஒண்டும் வராது. நீங்கள் இஞ்சை இருக்கிறது ஒரு காக்காய்க்கும் தெரியாது."

அவள் சொன்னது சரிதான். கனடாவிலையும் பிரான்சிலையும் இருந்து அழுதழுது எடுக்கிற பிள்ளையள் ஒவ்வொரு முறையும் ஆரோ ஒருத்தற்றை ஆரோ ஒருத்தரிட்டை நம்பர் வாங்கித்தான் என்னட்டை வந்து சேருங்கள். அதுக்குள்ளை அரைநாள் போய்விடும். சரி எண்டு சம்மதிச்சன்.

வவுனியாவிலை சின்னக் கந்தோர் வைச்சு வெப்சைற் செய்து குடுக்கிற ஒருத்தரைத் தங்கச்சி பிடிச்சுத் தந்தாள். பிள்ளைகுட்டிக்காரர், மரியாதையாய்க் கதைக்கிறவர். "படம் எல்லாம் நாங்கள் போடுவம் அக்கா. எழுத்து நீங்கள் தாறியளோ, நாங்களே எழுதுறதோ?" எண்டு கேட்டார். நானும் பெரிய எழுத்தாளர் மாதிரி, "நான் எழுதித் தாறன்" எண்டு சொல்லிப்போட்டன்.

மூண்டு நாள் காலமைப் பூசை முடிஞ்சு வந்து கடை மேசையிலை கொப்பியை விரிச்சு வைச்சுக்கொண்டு இருந்தன். முதல் நாள் "நாங்கள் பெட்டி செய்து குடுக்கிறம்" எண்டு எழுதினன். எழுதிப்போட்டுப் பாத்தால் தளபாடக்கடை விளம்பரம் போலை கிடந்தது. வெட்டினன். ரெண்டாம் நாள் "உங்கள் துயரத்தில் நாங்களும்" எண்டு துவங்கி அங்காலை போகேலாமல் நிண்டன். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. ஒரு நாளிலை ரெண்டு சாவு வந்தால் ரெண்டு வீட்டு அழுகையையும் நான் சுமக்கேலுமோ? சுமந்தால் வேலை ஆர் செய்யிறது? அதையும் வெட்டினன். மூண்டாம் நாள் பேனையைப் பிடிச்சபடி வாசலைப் பாத்துக்கொண்டு இருந்தன். றோட்டிலை ரெண்டு கழுதை நிண்டு மதிற்சுவரிலை ஒட்டின நோட்டீசைக் கிழிச்சுத் தின்னுதுகள். அதுவும் நாங்கள் அடிச்சுக் குடுத்த மரண அறிவித்தல்தான்.

இன்னொண்டையும் சொல்லவேணும். எனக்கு என்ரை தமிழிலை நம்பிக்கை இல்லை. சின்ன வயசிலை சண்டைக்குப் பயந்து வள்ளத்திலை ஏறி இந்தியாவுக்குப் போய் மண்டபம் அகதி முகாமிலை இருந்து படிச்சனான். அங்கத்தையப் பள்ளிக்கூடத்திலை நான் வாயைத் திறந்தால் பிள்ளையள் சிரிக்குங்கள். திரும்பி இஞ்சை வந்தால் இஞ்சத்தையச் சனம் "இந்தியாக்காரி போலை கதைக்கிறாள்" எண்டு சொல்லிச்சுது. ரெண்டு பக்கத்தாலையும் வாங்கின ஆளுக்கு எழுத்தெண்டால் கை கூசும். பிழையாய் எழுதி உலகம் முழுக்கச் சிரிக்கிறதை விட, தெரிஞ்சவர் எழுதட்டும் எண்டு நினைச்சன். நாலாம் நாள் வவுனியாக்காரருக்கு எடுத்து, "நீங்களே எழுதுங்கோ" எண்டு சொன்னன். சொன்ன உடனை தோளிலை இருந்து பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

ஒரு கிழமையிலை எழுத்து வந்தது. தங்கச்சி போனிலை வைச்சு வாசிச்சாள். முதல் வசனம், "எமது மலர்ச்சாலைக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்." கடைசி வசனம், "மீண்டும் வருக."

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. அந்த மனுசனுக்கு அப்பவே எடுத்தன். "ஐயா, உங்கட வீட்டிலை ஒருக்காலும் சாவு நடக்கேல்லையோ? பெட்டிக்கடைக்காரி ஒருத்தி சனத்தைப் பாத்து மீண்டும் வருக எண்டு சொன்னால், சனம் மண்ணள்ளித் திட்டாதோ?" எண்டு கேட்டன். அவர் பாவம், ஹோட்டலுக்கு எழுதினதை மாத்தி எழுதியிருக்கிறார் போலை. "மன்னிக்கோணும் அக்கா, இப்பவே எடுக்கிறன்" எண்டார். ரெண்டு வசனத்தையும் எடுத்தார். எனக்குப் பெருமை தாங்கேல்லை. பாத்தியோ, நான் பாக்காமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு தங்கச்சிக்கு ரெண்டு நாளாய்ச் சொல்லிக்கொண்டு திரிஞ்சன்.

அந்த ரெண்டுக்கும் நடுவிலை இன்னொரு வசனம் கிடந்தது. "தூர தேசத்தில் இருக்கும் உறவுகளே, நீங்கள் வந்து சேரும்வரை நாங்கள் காத்திருப்போம்."

அதை நான் வாசிச்சனான். வாசிக்காமல் விடேல்லை. தங்கச்சியிட்டை இருந்து போனை வாங்கி ரெண்டாந்தரமும் வாசிச்சனான். வாசிச்சுப்போட்டு அழுதனான். என்ரை அம்மா நாங்கள் திரும்பி வரேக்கை வரேல்லை, அண்ணையோடை மண்டபத்திலையே நிண்டிட்டா. ஒருநாள் காலமை அம்மா போயிட்டா எண்டு செய்தி வந்தது. என்னட்டைப் பாஸ்போட் இல்லை. அண்டைக்குப் பின்னேரமே அங்கை அடக்கம் முடிஞ்சுது. தலைமன்னார்க் கரையிலை நிண்டு அங்காலை பாத்துப்போட்டு வந்தனான், வேற என்ன செய்யிறது. அண்டைக்கு ஒருத்தர் எனக்கு அப்பிடிச் சொல்லியிருந்தால், நீ வரும்வரைக்கும் பாத்துக்கொண்டு இருப்பம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால். அதை நினைச்சுத்தான் அழுதனான். அந்த வசனத்தை விட்டிட்டன். நல்லாய் எழுதியிருக்கிறார் எண்டு பாராட்டியும் அனுப்பினன்.

அபசகுனமான சொல்லை மட்டும் தேடிக்கொண்டு இருந்தன் நான். பொய்யான சொல்லைத் தேடேல்லை.

சில மாதத்துக்குப் பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலமை, கடற்கரை ஊரான கீரியிலை இருந்து ஒருத்தர் வந்தார். வயசு அறுபத்தைஞ்சு இருக்கும், வள்ளக்காரர். அவரின்ரை தமையன் முதல் நாள் பின்னேரம் போயிட்டார். தமையன் பெண்சாதியை இழந்தவர், இவற்றை வளவுக்குள்ளையே தனிக் குசினி வைச்சுச் சமைச்சுக்கொண்டு இருந்தவர், கடைசி ரெண்டு வருசமும் இவற்றை வீட்டுச் சோறுதான். அடக்கம் புதன்கிழமை நாலு மணி, பாதரோடை கதைச்சாச்சு எண்டார். நானும் வானை அனுப்பினன், மருந்து ஏத்தி, குளிப்பாட்டி, வெள்ளைச் சேட்டும் வேட்டியும் உடுத்தி, மத்தியானத்துக்கு முன்னம் கொண்டுபோய் வீட்டிலை வைச்சன்.

கடைக்குத் திரும்பி வந்து சோத்திலை கை வைக்க, போன் அடிச்சுது. ஒரு பொம்பிளைப் பிள்ளை, பிரான்சிலை இருந்து. அந்தத் தமையனுக்கு ஒரே மகள். பின்னாலை ஆரோ மைக்கிலை கதைக்கிற சத்தம், விமான நிலையத்திலை நிண்டுதான் எடுத்தவ.

"அன்ரி, மச்சாள் ஒராள்தான் அப்பா போன செய்தி அனுப்பினவ. உங்கட வெப்சைற்றைப் பாத்தனான். நாங்கள் வரும்வரைக்கும் காத்திருப்பம் எண்டு போட்டிருக்கிறியள். நான் இப்ப பிளேன் ஏறப்போறன். நாளைக்குக் காலமை கொழும்பு. பின்னேரம் ஆறு மணிக்குள்ளை வீட்டை வந்திடுவன். அப்பாவின்ரை முகத்தைப் பாக்கவேணும் அன்ரி. நாலு வருசமாய் நான் பாக்கேல்லை."

அடக்கம் நாலு மணிக்கு. அதை நான் அந்த இடத்திலை சொல்லியிருக்கவேணும். சொல்லேல்லை. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு என்னாலை சொல்லேலாமல் போச்சு. "நான் கதைச்சுப் பாக்கிறன் பிள்ளை" எண்டன்.

"நான் சித்தப்பாவுக்கு எடுக்கவேணுமோ?" எண்டு கேட்டா. கேட்ட விதத்திலை பயம் தெரிஞ்சுது. கலியாண விசயத்திலை சித்தப்பா ஏதோ சொல்லிப்போட்டாராம், அதோடை நாலு வருசமாய்க் கதைபேச்சு இல்லையாம். ஊருக்கு வராததும் அதாலைதானாம்.

"தேவையில்லை. நீங்கள் யோசியாமல் ஏறுங்கோ. நான் கதைக்கிறன்" எண்டு சொன்னன். அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்க ஏலுமெண்டால் இண்டைக்கும் எடுப்பன்.

நாலு மணிக்குக் கீரிக்குப் போனன். கரையிலை வள்ளம் எல்லாம் ஏத்திக் கிடந்தது. ஊரிலை சாவு கிடக்கேக்கை அங்கை ஒரு வள்ளமும் கடலிலை இறங்காது. சேமக்காலையிலை புதைச்சு, கையிலை ஒட்டின மண்ணைத் தட்டிப்போட்டு வந்த பிறகுதான் தொழில். அந்தக் கிழமை நல்ல மீன்பாடு எண்டு எல்லாருக்கும் தெரியும். பந்தலுக்குக் கீழை ஆம்பிளையள் கடலைப் பாத்துக்கொண்டு சும்மா இருந்தினம். ஒருத்தரும் முகம் சுழிக்கேல்லை, ஆனால் எல்லாற்றை கண்ணும் தண்ணியிலைதான்.

நான் அந்தச் சித்தப்பாவைப் பந்தலுக்கு வெளியிலை கூப்பிட்டுச் சொன்னன். "அண்ணை, மகள் வாறாவாம். நாளைக்கு ஆறு மணி ஆகும். வியாழன் காலமைக்கு அடக்கத்தை வைக்கலாமோ?"

அவர் என்னை மேலும் கீழும் பாத்தார். "இன்னொரு நாள் கிடந்தால் உமக்கும் வாடகை கூடும்தானே" எண்டார்.

முகத்திலை அறைஞ்ச மாதிரி இருந்தது. வேற இடமெண்டால் நல்லாய்க் குடுத்திருப்பன். சாவு வீடு, விழுங்கிக்கொண்டன். "எனக்கு ஒண்டும் வேண்டாம் அண்ணை. அந்தப் பிள்ளை தேப்பன்ரை முகத்தைப் பாக்கக் கேட்டது."

"ஆரிட்டைக் கேட்டவள்?"

"எனக்குத்தான் எடுத்தவ."

அவர் கடல் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார், "ரெண்டு வருசம் அவருக்குச் சோறு குடுத்தது நான். மலசலம் அள்ளினது என்ரை பெண்சாதி. அவளுக்குப் பெட்டிக்காரியின்ரை நம்பர் தெரியுது, என்ரை நம்பர் தெரியேல்லை. ஒருக்கால் எனக்கு எடுத்து, சித்தப்பா நான் வாறன், வைச்சிருங்கோ எண்டு சொன்னால் காணும். நான் இந்தச் சனத்தின்ரை காலிலை விழுந்தெண்டாலும் இன்னொரு நாள் கேப்பன். உம்மட வாயாலை கேக்கமாட்டன்."

அவர் பொல்லாத மனுசன் இல்லை. நொந்துபோன மனுசன்.

நான் அங்கையே நிண்டு அந்தப் பிள்ளைக்கு எடுத்தன். போன் ஓஃப். பிளேன் ஏறியிட்டா. "சித்தப்பாவுக்கு உடனை எடுங்கோ, நான் சொன்னது பிழை" எண்டு குரலிலை பதிஞ்சு அனுப்பினன். செய்திக்குக் கீழை ஒற்றைக் கோடுதான் விழுந்தது, இன்னும் போய்ச் சேரேல்லை. அது ரெட்டைக் கோடாக மாறுதோ எண்டு விடிய விடியப் பாத்ததிலை என்ரை கண் வீங்கிப்போச்சு.

புதன்கிழமை காலமை ஒன்பது மணி தாண்டித்தான் அது மாறினது. கொழும்பிலை இறங்கின உடனை சித்தப்பாவுக்கு எடுத்தவவாம். அவர் அழுதவராம், அவவும் அழுதவவாம். ஆனால் அதுக்குள்ளை கோயில் மணி அடிச்சு ஊருக்கெல்லாம் நேரம் சொல்லியாச்சு. பாதருக்கு வியாழக்கிழமை வேற பங்கிலை பூசை. "நேற்றெண்டால் செய்திருப்பன் மகள்" எண்டு சித்தப்பா சொன்னவராம். வானுக்குள்ளை இருந்துகொண்டு எனக்குச் சொன்னா. "வீடியோவிலை காட்டட்டோ?" எண்டு கேட்டன். "வேண்டாம் அன்ரி, நான் வந்து பாக்கிறன். ட்ரைவர் கெதியாய்ப் போறன் எண்டு சொல்லுறார்" எண்டா. அப்பவும் நம்பிக்கொண்டுதான் இருந்தா.

மூண்டரைக்குப் பெட்டி மூடவேணும். மூடுறது என்ரை வேலை. என்ரை கையிலை இருந்த ஒரே ஒரு விசயமும் அதுதான். நான் போய் அவற்றை சேட்டுக் கொலரைச் சரிசெய்தன். செபமாலையைக் கழட்டித் திருப்பி விரலிலை சுத்தினன். தலையைச் சீவி இழுத்து, கலைச்சு, திரும்பவும் இழுத்தன். பூவை ஒவ்வொண்டாய் எடுத்து வைச்சன். இடைக்கிடை வெளியிலை வந்து போனைப் பாத்தன். கடைசியாய்ச் சிக்னல் கிடைச்ச நேரம் மதவாச்சியைத் தாண்டியிருந்தினம், கீரிக்கு இன்னும் ரெண்டு மணித்தியாலம். அதுக்குப் பிறகு காட்டுப்பாதை, தொடர்பு இல்லை. சனம் ஒருத்தரை ஒருத்தர் பாக்கத் துவங்கிச்சுது. பெட்டிக்காரிக்கு என்ன பிடிச்சுது எண்டு ஒரு மனுசி கேக்கிறது எனக்குக் கேட்டது. நாலு மணி ஆச்சு. சித்தப்பா கிட்ட வந்து நிண்டார். நான் என்ன செய்யிறன் எண்டு அவருக்கு விளங்கினது. "காணும் தங்கச்சி. மூடுங்கோ" எண்டார்.

மூடமுன்னம் நான் குனிஞ்சு அந்த மனுசன்ரை காதுக்குக் கிட்டச் சொன்னன். "ஐயா, மகள் மதவாச்சி தாண்டியிட்டா. வந்துகொண்டிருக்கிறா." பெட்டிக்குப் பக்கத்திலை நிண்டு ஆரும் கேக்காமல் நான் வாய் திறந்தது அண்டைக்குத்தான். பிறகு மூடினன்.

ஐஞ்சே காலுக்கு மண் போட்டாச்சு. ஆம்பிளையள் கை மண்ணைத் தட்டிக்கொண்டு ஒவ்வொருத்தராய்க் கரைப்பக்கம் நடந்தினம். நான் வழமையாய் வானோடை திரும்பிடுவன். அண்டைக்குச் சேமக்காலை மதிலோடை நிண்டன். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னம் வான் வந்து நிண்டது. அந்த வெக்கைக்குள்ளையும் தடிச்ச கோட்டைப் போட்டபடி இறங்கி மண்ணுக்குள்ளாலை ஓடிவந்தா. புதுக் குழியைக் கண்ட உடனை ஓட்டம் நிண்டுபோச்சு.

நான் நினைச்சனான் கத்துவா எண்டு. கத்தேல்லை. கனநேரம் முழங்காலிலை இருந்தா. பிறகு எழும்பி என்னைப் பாத்து, "நீங்கள்தானே அந்த அன்ரி?" எண்டா. ஓம் எண்டன்.

"நீங்கள் எழுதினதை நம்பித்தான் அன்ரி வந்தனான்."

அதுக்கு நான் சொன்ன பதிலை நினைச்சால் இப்பவும் எனக்கு வெக்கமாய் இருக்குது. "அது நான் எழுதேல்லை பிள்ளை. வெப்சைற் செய்தவர் எழுதினது" எண்டன்.

அவ கண்ணைத் துடைச்சுப்போட்டு மெல்லமாய்த்தான் சொன்னா, கோவமாய் இல்லை. "உங்கட கடைதானே. உங்கட நம்பர்தானே கிடந்தது."

உண்மையிலை அந்த வசனத்தை ஆர் எழுதினது? அந்த வவுனியாக்காரருக்குக் கீரியிலை வள்ளம் இறங்காதது தெரியுமோ? அடக்கத்தைத் தீர்மானிக்கிறது வீட்டுக்காரர், பெட்டிக்காரி இல்லை எண்டது தெரியுமோ? எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வடிவாய் இருக்குது எண்டு விட்டது நான். பிழையாய் எழுதினால் சனம் சிரிக்கும் எண்டு பயந்துதானே எழுதாமல் விட்டனான். சிரிச்சிருந்தால் எவ்வளவு நல்லாய் இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலமை வவுனியாக்காரருக்கு எடுத்து அந்தப் பக்கத்தை முழுக்க எடுக்கச் சொன்னன். அவருக்கு ஒண்டும் ஏசேல்லை. பிறகு அதே கொப்பியை எடுத்து மேசையிலை வைச்சன். இந்த முறை வாசலைப் பாக்கேல்லை. அந்தப் பிள்ளை போனிலை கதைச்ச மாதிரி நினைச்சு, அவவுக்குப் பதில் சொல்லுற மாதிரி எழுதினன். அரை மணித்தியாலம் ஆகேல்லை.

"உங்கட வீட்டிலை ஒரு சாவு நடந்திருந்தால், எங்களுக்கு எடுக்க முன்னம் ஊரிலை இருக்கிற உங்கட ஆக்களுக்கு எடுங்கோ. கோவமாய் இருந்தாலும் எடுங்கோ. எப்ப அடக்கம் எண்டு தீர்மானிக்கிறது அவைதான், நாங்கள் இல்லை.

நீங்கள் வரும்வரை வைச்சிருப்பம் எண்டு எங்களாலை சொல்லேலாது.

குளிப்பாட்டி உடுத்துறது நாங்கள். என்ன உடுப்பு, தலை எந்தப் பக்கம் சீவி இழுக்கிறது, கையிலை என்ன வைக்கிறது எண்டு சொல்லுங்கோ. அப்பிடியே செய்வம்.

பெட்டி மூடேக்கை கிட்ட நிக்கிறதும் நாங்கள்தான். உங்களாலை வரேலாமல் போனால், அவைக்கு என்ன சொல்லவேணும் எண்டு எங்களிட்டைச் சொல்லுங்கோ. மூடமுன்னம் சொல்லிவிடுவம்."

தங்கச்சி வாசிச்சுப்போட்டு, "அக்கா, பேச்சுத் தமிழிலை ஆரும் வெப்சைற் போடுவினமோ? எங்களாலை ஏலாது எண்டு ஒரு கடைக்காரர் எழுதுவினமோ? இதைப் பாத்து ஆர் எடுப்பினம்?" எண்டாள்.

"எடுக்காட்டில் போகட்டும்" எண்டன். அவள் என்ரை முகத்தைப் பாத்துப்போட்டுக் கொப்பியை மூடித் தந்தாள்.

ஆனால் போட முன்னம் ஒராளுக்குக் காட்டவேணும் எண்டு எனக்கு இருந்தது. ஏழாம் நாள் பூசை முடியக் கீரிக்குப் போனன். அந்தப் பிள்ளை சித்தப்பாவின்ரை குசினி வாசலிலை இருந்து சித்தியோடை சேந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தா. கையைக் கழுவிப்போட்டு வந்து கொப்பியை வாங்கினா. நான் நிண்டுகொண்டே இருந்தன். சோதனை எழுதிப்போட்டு ரீச்சருக்கு முன்னாலை நிக்கிற மாதிரி இருந்தது.

முதல் பகுதியை வாசிச்சுப்போட்டு நிமிந்தா. "இது அண்டைக்கு இருந்திருந்தால் நான் சித்தப்பாவுக்குத்தான் முதல் எடுத்திருப்பன் அன்ரி" எண்டா.

"ஓம் பிள்ளை" எண்டன். அதைக் கேக்கத்தான் நான் போனனான் எண்டு நினைக்கிறன்.

கடைசிப் பகுதிக்கு வந்தா. அதை விரலாலை தொட்டுக்கொண்டு கேட்டா, "அப்பாவுக்கு ஏதும் சொன்னனீங்களோ?"

"மகள் மதவாச்சி தாண்டியிட்டா, வந்துகொண்டிருக்கிறா எண்டு சொன்னனான்."

அவ கொப்பியை மடியிலை வைச்சுக்கொண்டு அழுதா. சேமக்காலையிலை கூட அப்பிடி அழேல்லை. சித்தி வெட்டின மீனை அப்பிடியே விட்டுப்போட்டு வந்து அவவின்ரை தலையைத் தன்ரை வயித்தோடை அணைச்சா. சித்தப்பா வலையைக் கையிலை வைச்சுக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நிண்டார். கொஞ்சத்தாலை அவ முகத்தைத் துடைச்சுக் கொப்பியைத் தந்தா. "ஒண்டையும் மாத்தாதேங்கோ. இப்பிடியே போடுங்கோ."

ரெண்டு நாளுக்குப் பிறகு அவவுக்குப் பயணம். சித்தப்பாதான் வான் பிடிச்சுக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனவர். போற வழியிலை என்ரை கடை வாசலிலை வானை நிப்பாட்டச் சொல்லி இறங்கி வந்தா. நான் வழமை போலை எழும்பி நிண்டன். என்ரை ரெண்டு கையையும் பிடிச்சா. பிறகு படியாலை இறங்கி, வான் கதவைத் திறந்துகொண்டு திரும்பிப் பாத்தா.

"போயிட்டு வாறன் அன்ரி."

முன்சீற்றிலை இருந்த சித்தப்பா திடுக்கிட்டுத் திரும்பினதை நான் கண்டனான். அந்த வாசலிலை நிண்டு ஒருத்தரும் ஒருநாளும் அப்பிடிச் சொன்னதில்லை. நான் படியிலை இறங்கி றோட்டுக்கு வந்தன்.

"ஓம் பிள்ளை" எண்டன். "வாங்கோ."